ஐயா வருகிற நாள்கள்

"அப்ப குடிக்கிறது உங்க வீட்டுக்காரர் இல்ல, வீட்டுக்கு வர்றவரு. அதானே சொல்றீங்க?"

"ஆமா மிஸ்ஸி. வாசு ஒரு சொட்டு தொடமாட்டாரு. குடிக்கிறது ஐயாதான்."

தாதி சுபாஷினி எழுதுவதை நிறுத்திவிட்டுக் காமினியை நிமிர்ந்து பார்த்தாள். ஜெலுத்தோங்கில் இருந்த அந்தச் சின்ன கிளினிக்கில் மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. உள்ளே டாக்டரின் அறையில் வாசு படுத்திருந்தான். அவனுடைய ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. கல்லீரல் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது, இப்படியே குடித்தால் ஒரு வருஷம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வார்த்தைகள் பஸ்ஸில் இடம் பிடித்தவர்களைப் போலக் காமினியின் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை.

சுபாஷினிக்கு இது பழக்கம்தான். புருஷன் குடிப்பதை மறைக்காத மனைவியை அவள் இந்தப் பதினைந்து வருஷத்தில் பார்த்ததில்லை. கோபப்படாமல் கேட்டாள், அந்த ஐயா யார், சொந்தமா என்று.

சொந்தம் என்றுதான் சொல்லவேண்டும் என்றாள் காமினி. மாமனார் காலத்திலிருந்தே வருகிறவர். மாமனார் இறந்த பிறகு வாசுவைத் தேடி வர ஆரம்பித்தார். பெயரைக் கேட்டபோது மட்டும் தயங்கினாள். கண்ட இடத்தில் அவர் பெயரைச் சொல்வது அந்த வீட்டில் வழக்கமில்லை.

"ஏதும் கேங் ஆளா?"

காமினி பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தாள். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க மிஸ்ஸி. பெரியவரு."

"சரி, எப்பெப்ப வருவாரு அந்தப் பெரியவரு?"

"முன்ன வருஷத்துக்கு ஒரு நாள்தான். ஒரு கிளாஸ் கொடுத்தா போதும், சந்தோசமா போயிடுவாரு. கொரோனாவுல எம்சிஓ போட்டு ஊரை அடைச்ச சமயத்துல வாசு வேலை இல்லாம வீட்டுலயே கெடந்தாரா, அப்பத்தான் மாசாமாசம் வர ஆரம்பிச்சாரு."

"எம்சிஓவுலயா? ரோடு பூரா போலீஸ் மறிச்சு நின்னாங்களே."

"அவரை யாரு மிஸ்ஸி மறிக்கிறது?"

இப்போது வாரத்தில் மூன்று நாள் வருகிறார். ஒரு கிளாஸ் முழுப் பாட்டிலாகிவிட்டது. பீரைக் கொடுத்தால் தட்டிவிடுகிறார், பிராந்திதான் வேண்டும். வீட்டில் இல்லை என்று சொன்ன ஒரே ஒரு நாள், சமையலறையில் இருந்ததெல்லாம் பறந்தது. ஊற்றிக் கொடுப்பது காமினிதான். இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தால்தான் வாங்குவார்.

சுபாஷினி பேனாவை மூடினாள். "கேளும்மா. வர்ற நாளு கூடுது, அளவு கூடுது, இல்லன்னா கோவம் வருது. இது குடி முத்திப்போன ஆளோட அடையாளம். மொதல்ல அந்த ஐயாவுக்குத்தான் வைத்தியம் பாக்கணும் லா."

காமினிக்கு அப்படித் தோன்றியதே இல்லை. ஐயாவுக்கு ஒரு நோய் வரும் என்று யார் நினைப்பார்கள்?

"இவரு கை நடுங்குதே, எத்தனை நாளா?"

"ஆறு மாசமா. காலையில ரொம்ப நடுங்கும். பட்டறையில வெல்டிங் கோணலா போகுதுன்னு மொதலாளி ஏசுறாரு. ஐயா வந்துட்டுப் போனா நின்னுடும்."

"அவரு வந்தப்ப நடந்ததெல்லாம் இவருக்கு ஞாபகம் இருக்குமா?"

"இருக்காது. எப்பவும் இருந்ததில்ல."

சுபாஷினி நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். உன் புருஷனும் கூடச் சேர்ந்து குடிக்கிறார், நீ பார்க்கவில்லை, இல்லாவிட்டால் பார்க்க உனக்கு மனசில்லை என்று.

காமினி இல்லை என்று தலையாட்டினாள். அவள் பொய் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் வாசுவிடம் கேட்டு வாங்கியது ஒரே ஒரு சத்தியம். காமினியின் அப்பாவைப் போல அவன் குடிக்கக் கூடாது. பதினோரு வருஷமாக அவன் அதை மீறியதாக அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை.

நாளைக் காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி டாக்டர் கடிதம் கொடுத்தார். இன்றைக்கே போகலாம் என்றதற்கு, மாற்றுத் துணி எடுக்கவேண்டும் என்று வாசு பிடிவாதமாக மறுத்துவிட்டான். கிளம்பும்போது சுபாஷினி காமினியின் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கு ஒரு நாளு அவரை உள்ள விடாத. கதவைப் பூட்டிக்க."

வீட்டுக்கு வந்ததும் காமினி கதவைப் பூட்டினாள், வெளிக் கிரில்லையும் பூட்டினாள். பிராந்தி வாங்கி வைக்கவில்லை. ஆயர் ஈத்தாம் பக்கம் இருட்டிக்கொண்டு வந்த மழை, பொழுது சாயும்போது ஜெலுத்தோங்கில் இறங்கியது. மாடி வீடு கரையை மறந்த கப்பலைப் போல அந்தச் சத்தத்துக்குள் மிதந்தது. வாசு குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினான். மூன்று தீக்குச்சிகள் கை நடுக்கத்திலேயே அணைந்தன. காமினி அவனுடைய சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பூட்டிய வீட்டுக்குள் ஐயா வந்துவிட்டார்.

வாசுவின் தோள்கள் குலுங்கின. கண்கள் மேலே செருகின. நாக்கைத் துருத்திக் கடித்தபடி ஒரு சுற்றுச் சுற்றி நின்று, வாசுவின் வாயாலேயே, வாசுவுடையதல்லாத குரலில், "எனக்கு எங்கே?" என்று அவர் கேட்டார்.

காமினி வெறுங்கையோடு ஓடிப்போய்த் தன் புருஷனின் காலில் விழுந்தாள்.

"முனீஸ்வரா, ஐயா, இவரு ஒடம்பு இனிமே தாங்காது. நீங்க வந்துதான் ஆகணும்னா, இவரை விட்டுட்டு என் மேல வந்து எறங்குங்க."