கடைமடைக்கு ஓர் இடம்

யார் சத்தம் பெரிதோ அவர்தான் ஏரிச் சபைக்குப் போகலாம் என்பது பழைய வழக்கம். அதனால் எல்லா இடமும் தவளைகளுக்கே போனது. கடைமடை வாய்க்காலில் கிடந்த நண்டு, தண்ணீரைக் கனவில்தான் பார்த்தது.

இந்த வருஷம் விதியை மாற்றினார்கள். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஓர் இடம். நண்டு ஜெயித்து, மூன்று நாள் பக்கவாட்டில் நடந்தே சபைக்குப் போய்ச் சேர்ந்தது. அது பேசப் பேசத் தவளைகளே கண் கலங்கின. கடைமடைக்குத் தண்ணீர் விட ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, எல்லோரும் மதகுக்கு வந்தார்கள்.

மதகை எப்போதோ விலைக்கு வாங்கியிருந்த கொக்கு அதன்மேல் நின்றது. "அருமையான தீர்மானம். ஆனா தண்ணியைத் திறந்தா என் மீனெல்லாம் போயிடுமே?"

"எல்லாரும் ஓட்டுப் போட்டாச்சுங்களே!" என்றது நண்டு.

"சபைக்குத்தானே போட்டீங்க? மதகு என்னுதுப்பா."

நண்டு திரும்பி வந்தது. காய்ந்த சேற்றில் காத்திருந்த நண்டுகள் சூழ்ந்துகொண்டன. "நம்ம பேச்சைக் கேட்டாங்களா?"

"ஒரு வார்த்தை விடாமக் கேட்டாங்க."

"அப்போ தண்ணி?"

நண்டு, ஏரியின் ஈரவாசம் காற்றில் வந்த திசையைப் பார்த்தபடி, கொடுக்கை ஊன்றி நின்றது.