ஜப்பான் வீடு பார்க்கப் போன நாள்

மகன் செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள், குடும்பத்தோடு ஜப்பான் வீடு பார்த்துவிட்டு வரலாம் என்று சின்னத்துரை சொன்னபோது அபிஷாவுக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்குள் புதிதாக ஒரு விடுதி வந்திருந்தது. ஜப்பானில் ரொம்ப காலம் இருந்துவிட்டு வந்த தோட்ட முதலாளி ஒருவர், அந்த ஊர்ப் பழைய பாணியில் மர வீடுகள் கட்டி, அந்த ஊர்ச் சாப்பாடும் போட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் மதுரையிலிருந்தெல்லாம் கார் வந்து நிற்கும்.

அபிஷாவின் அண்ணன் சாம்சன் செத்ததும் ஜப்பானில்தான்.

அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனவன். முதல் குளிர்காலத்தையே அவனால் தாங்க முடியவில்லை. மதுரையில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்த தங்கைக்குக் குரல் பதிவு அனுப்பினான். சோறு இறங்கவில்லை, நெஞ்சுச்சளி விடவில்லை, திரும்பி வரட்டுமா என்று வீட்டில் கேட்டேன், அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்று. சளி நிமோனியாவானது. அவனைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள்.

பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாமே என்று அடக்கத்தன்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். சின்னத்துரை எல்லார் முன்னாலும், "நான்தான் வர வேணாம்னேன்" என்றார்.

அன்றோடு அபிஷா அவரிடம் பேசுவதை விட்டுவிட்டாள்.

அம்மா இதற்கு வரமாட்டாள் என்றுதான் நினைத்தாள். ஆனால் செல்லக்கனி முதல் ஆளாகப் போய் ஜீப்பில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவைத் தனியாக விட மனசில்லாமல் அபிஷாவும் ஏறினாள். மலை பூராவும் மேகம் இறங்கியிருந்தது.

விடுதியில் பக்கத்து மர வீட்டைப் பார்க்க வந்த குடும்பம் ஜப்பான் அங்கியை வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு, சிரிக்கச் சிரிக்க போட்டோ எடுத்தது.

சின்னத்துரை போட்டோ எடுக்கவில்லை. ஆனால் ஒன்று விடாமல் விசாரித்தார். வீட்டைச் சுற்றிக் காட்டிய விடுதியின் மலையாளப் பெண் சுஜாதாவிடம், பனிக்காலத்தில் காற்று எந்தப் பக்கமாக உள்ளே வரும், தரையில் எதை விரித்துப் படுப்பார்கள், போர்வை எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டுக்கொண்டே நடந்தார். ஒரு அறையில் அந்தக் கோரைப்பாய்த் தரையில் படுத்தே பார்த்துவிட்டார்.

அபிஷாவுக்குக் கூசியது. அண்ணன் கிடந்தது இப்படி ஒரு வீட்டில்கூட இல்லை, நாலு பேர் நெருக்கியடித்துக் கிடந்த அறையில் என்று சொல்ல நினைத்தாள். அம்மா முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை.

தாழ்வான பலகையில் சுஜாதா சாப்பாட்டைக் கொண்டுவந்து பரப்பினாள். ஆறினால் குடிக்க முடியாது சேச்சி என்று செல்லக்கனியிடம் சொல்லிவிட்டுப் போனாள். சோயாவை அரைத்துக் கரைத்த சாறு, உப்பும் உறைப்பும் இல்லாத மீன், கையில் ஒட்டும் சோறு, இனிக்கிற முள்ளங்கி ஊறுகாய்.

செல்லக்கனி சாற்றில் ஒரு வாய் குடித்தாள். அதோடு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

சின்னத்துரை ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. சாற்றையும் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

அபிஷாவால் அடக்க முடியவில்லை.

"ருசியா இருக்காப்பா? அண்ணனுக்குத்தான் இது தொண்டையில இறங்கல. வாடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னைக்கி நம்மகூட உக்காந்து சாப்பிட்டுருப்பான்."

இத்தனை மாசத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

சின்னத்துரை கிண்ணத்தை வைத்தார். "சொல்லியிருக்கணும் பாப்பா" என்றார்.

அவள் எழுந்து அடுத்த அறைக்குள் போய்க் கதவை இழுத்து மூடினாள். கதவென்று பேர்தான். மரச் சட்டத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. அதன் பக்கத்திலேயே சுருண்டு உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதாள்.

காகிதத்துக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது.

"எனக்கு நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்குங்க. அவன் போன் பண்ணினப்ப நீங்க வீட்டுலயா இருந்தீக? தோட்டத்துல இருந்தீக. எம்பிள்ள ஜப்பான்ல இருக்கான்னு சர்ச்சு பூரா சொல்லி வச்சிருக்கேன், பாதியில வந்தா எம்மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைப்பேன், இருடா அங்கயேன்னு சொன்னது நான்."

அபிஷாவின் அழுகை அப்படியே நின்றுபோனது.

"அவன் என்ன தின்னான், எப்படிப் படுத்தான்னு பாக்கணும்னு அழுததும் நான்தான். கூட்டியாந்ததுக்கும் நீங்கதான் பேச்சு வாங்குறீக. இப்பப் போயி அவகிட்ட உள்ளதச் சொல்லிர்றேன்."

உடை சரசரத்தது. எழுந்தவளை அவர் பிடித்து உட்காரவைத்திருக்க வேண்டும்.

"பேசாம உக்காரு செல்லக்கனி" என்றார் சின்னத்துரை, கம்மிய குரலில். "ஒரு பிள்ளைய மண்ணுக்குள்ள வச்சுட்டோம். இருக்கிற பிள்ளையும் வெறுத்துட்டா நீ பொழைக்க மாட்ட. நான் தாங்கிக்கிருவேன், என்னைய வெறுத்துட்டுப் போகட்டும்."