பெல்ட் பார்க்கும் படலம்

“டென்ஷன் பார்க்காம விட முடியாது சார்” என்றாள், முகக்கவசமும் கையுறையும் போட்டிருந்த பெண்.

“எனக்கு ஒரு டென்ஷனும் இல்ல. சாவியக் குடு!” என்று எரிந்து விழுந்தான் ரஞ்சன்.

பெரிய மேதை! அவள் கேட்டது அவனுடைய டென்ஷனை அல்ல, அவன் காருக்குக் காலையில் மாற்றிய, எஞ்சினுக்குள் ஓடும் பல் வைத்த டைமிங் பெல்ட்டின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை. ஃபேரர் பார்க் பக்கத்திலிருந்த அந்தப் பட்டறையில் அவள்தான் மெக்கானிக்.

“எஞ்சினைக் கையால ரெண்டு சுத்து சுத்தி, பெல்ட்டை முறுக்கிப் பார்க்கணும். லூசா இருந்து பல் தாண்டிடுச்சுன்னா எஞ்சின் காலி. அரை மணி நேரந்தான் சார், நானும் இன்னிக்கு அரை நாள் லீவு.”

“உன் லீவு யாருக்கு வேணும்? நாலு மணிக்கு எல்லை தாண்டி ஜோகூர்ல பொண்ணு பார்க்கணும்லா!”

முப்பத்தெட்டு வயதில் இது ஒன்பதாவது பெண். இதுவும் தட்டிப்போனால் இனி வரன் தேட மாட்டேன் என்று அவன் அம்மா கமலா கையை விரித்துவிட்டார். அதனால்தான் மகராசன் இந்தத் தடவை, தலையில் முடி இருந்த காலத்துப் போட்டோவைத் தேடி எடுத்துப் பெண் வீட்டுக்கு அனுப்பியிருந்தான்.

அவள் ஸ்பேனரைப் போட்டு மெல்லத் திருப்பினாள். அவன் வாய் சும்மா இருந்தால்தானே?

“கிளவுஸெல்லாம் கிரீஸ், நெத்தியெல்லாம் கரி. உன்னை எவன் கட்டிப்பான்?” என்றவன் போனை அவள் முன் நீட்டினான். “பாரு, பொண்ணுன்னா இப்படி இருக்கணும்.”

பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, ஸ்டூடியோக்காரர் தாராளமாக ஏற்றிவிட்ட வெள்ளை நிறம். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“என்ன வேலை பார்க்கிறாங்களாம்?”

“தரகர் படிக்காத ஆளு, ‘எஞ்சின் வேலை’ன்னாரு. இன்ஜினியர்னு நானே புரிஞ்சுக்கிட்டேன். உனக்கு வயிறு எரியுதா?”

அவள் மறுபடி எஞ்சின் பக்கம் குனிந்தாள். பெல்ட் தளர்வாகத்தான் இருந்தது. இறுக்கினாள், மறுபடி இரண்டு சுற்று சுற்றினாள், இரண்டு விரலால் முறுக்கிப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் சாவியை நீட்டினாள். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு காரில் ஏறினான் ரஞ்சன்.

கண்ணாடியை ஏற்றப் போனவன் காதில் விழும்படி, முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே அவள் போனில் பேசினாள்.

“அம்மா, கேசரி கிண்ட வேணாம். மாப்பிள்ளையை நான் இங்கயே பார்த்துட்டேன்.”