ஒருத்தனையும் விடலை

ரப்பர் மரத்துக்குள் ஒரு காவல்காரன் இருந்தான். பட்டையில் காயம் பட்டால் பூஞ்சை நுழையாமல் விரட்டுவது அவன் வேலை. மரத்துப் பாலைக் கையுறையாக்கிய பிறகும் அவன் அதில் ஒட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் ரோசாபாய் வருஷக்கணக்காக ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள்.

அவள் உடம்புக்கும் ஒரு காவல்காரன் உண்டு. தோல் வழியாகக் கசிந்து வந்த ரப்பர்க்காரனைத் திருடன் என்று அவன் முடிவு கட்டினான். தினமும் சண்டை. அவள் கையெல்லாம் தடிப்பு.

ஒரு மத்தியானம் அவள் வாழைப்பழம் தின்றாள். வாழைக்கும் பூஞ்சை விரட்டுகிற காவல்காரன் உண்டு. உடம்புக்காரன் அவனைத் தொண்டையில் மறித்தான்.

"நில்லுடா. கை வழியா வந்தவன்தானே நீ?"

"ஐயோ அண்ணே, அது வேற மரம். நான் வாழை."

"அதே மூக்கு, அதே முழி. யார்கிட்ட கதை விடுறே?"

"சாயல் இருந்தா அவனாகிடுவேனா? நானும் உன்னை மாதிரி காவலுக்கு நிக்கிறவன்தான்."

"பிடிபட்ட திருடன் எல்லாம் இதைத்தான் சொல்வான்."

உடம்புக்காரன் கூச்சல் போட்டு ஆள் திரட்டினான். தொண்டை வீங்கி, வழி குறுகியது.

"அண்ணே, முழுசா அடைக்காதே! அந்தம்மா மூச்சு விடுற வழியும் இதுதான்."

"சந்து விட்டா நீ நுழைஞ்சிடுவே."

அவன் அடைத்தே விட்டான். பிறகு உள்பக்கம் திரும்பி, "அம்மா, ஒருத்தனையும் விடலை" என்று பெருமையாகச் சொன்னான்.

பதில் வரவில்லை.

"அசந்து தூங்குறாங்க போல" என்று சொல்லிவிட்டு, கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.