குங்குமத்துக்கு அடியில்

போனில் அவள் குரலுக்குப் பின்னால் ஒரு கீச்சொலி விடாமல் கேட்டது.

"மீட்டருல பின்னாடி லெப்ட்டு டயருக்குக் காத்து கொறையுதுனு காட்டுதுங்க. பங்க்குல நிறுத்தி அடிச்சேன். அடிச்சா வேற எடத்துல நம்பர் ஏறுது. இது பாட்டுக்கு எறங்கிட்டே இருக்குது."

அவன் சிரித்தான்.

"டயரு மூடியெல்லாம் நேத்து ராத்திரி பூரா சாமிகிட்ட இருந்துச்சல்ல, மண்டை கொழம்பிப் போச்சாட்ட இருக்குது. சத்தத்த அமத்திட்டுக் கெளம்பு கண்ணு. நானே மாட்டுனது. ஒண்ணும் ஆகாது."

கீச்சொலி நின்றது. போனை வைத்துவிட்டாள்.

வண்டி விஷயத்தில் இந்துமதிக்குக் கணவன் சொல்வது வேதவாக்கு.

அவளும் மகள் மிருதுளாவும் தாராபுரத்துக்குப் போகிறார்கள், அவள் அம்மா வீட்டுக்கு. விஜயதசமியும் அதுவுமாகக் கடையைத் திறக்காமல் இருக்க முடியாது என்று அவன் மட்டும் நாமக்கல்லில் தங்கிவிட்டான்.

பூஜை அறையில் ஸ்பேனரும் ஜாக்கியும் இன்னும் வாழை இலையில் இருந்தன. மேலே சந்தனம், குங்குமம். மறுபூஜைதான் முடிந்துவிட்டதே, எடுத்து வைத்துவிடலாம்.

ஜாக்கியைத் தூக்கினான். கட்டைவிரல் பட்டுச் சந்தனம் வழித்துக்கொண்டு வந்தது. அதற்கு அடியில் எழுத்துகள்.

இத்தனை நாளாக அங்கே இருப்பவைதான். பொட்டு வைத்ததில் மறைந்திருந்தன.

பொட்டு வைத்ததில்.

ஜாக்கியை அப்படியே கீழே வைத்தான்.

நேற்று ஆயுத பூஜை. வண்டியைக் கழுவுகிற சாக்கில் வாசலிலேயே ஜாக்கி போட்டு, முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றினான். ஊரே லாரி ஊர். நாலு டயரை மாற்ற ஆள் கூப்பிடுவானா? நல்ல கதை!

தண்ணீர் பட வேண்டாம் என்று, டயரின் காற்றுவாயில் உட்கார்ந்து அழுத்தத்தை மீட்டருக்குச் சொல்லும் நான்கு கறுப்பு மூடிகளையும் முதலிலேயே கழற்றி வைத்திருந்தான். ஒவ்வொன்றின் தலையிலும் பொடி எழுத்து இருக்கும். எது எந்தச் சக்கரத்துக்கு என்று.

அதுவும் ஆயுதம்தானே என்று இந்துமதி அவற்றையும் இலையில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம் வைத்தாள். அதன் மேல் குங்குமம்.

இன்று காலை மாட்டும்போது எழுத்துத் தெரியவில்லை. நல்ல நாள், சாமிக்கு வைத்த குங்குமம். துடைக்க மனசு வரவில்லை.

கைக்கு வந்ததை வந்த சக்கரத்தில் திருகினான்.

நான்கிலும் ஒரே அளவு காட்டியது. எது எங்கே இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டான்.

அட முட்டாளே.

காற்று குறைவது பின் இடது சக்கரத்தில் இல்லை. அந்தச் சக்கரத்துக்குரிய மூடி வேறெங்கோ உட்கார்ந்து கத்தியிருக்கிறது. அவள் பாவம், நன்றாக இருந்த டயருக்குக் காற்றடித்துவிட்டுப் போகிறாள். கத்தியதையும் அவனே வாயை மூட வைத்துவிட்டான்.

போன் போட்டான். மணி அடித்து ஓய்ந்தது.

மறுபடி போட்டான். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடாதே என்று அவளிடம் சண்டை போட்டவனும் அவன்தான்.

எடு கண்ணு. எடு, எடு.

"அப்பா!" மிருதுளாவின் குரல். "காவேரி வந்துருச்சுங்கப்பா. எவ்வளவு தண்ணி போகுது தெரியுங்களா!"

நாமக்கல்லை அடுத்த வேலூர்ப் பாலம்.

"சாமி, அம்மாவ உடனே வண்டிய ஓரங்கட்டச் சொல்லு."

குழந்தை சொல்வது கேட்டது. இந்துமதி பதில் சொல்வதும் கேட்டது. மிக அருகில் ஏர்ஹாரன் ஒன்று நீளமாக அடித்தது.

"பாலத்து மேல ஓரமே இல்லைங்களாம். பின்னாடியே லாரி வருதாம். எந்த டயருனு அம்மா கேக்குதுங்கப்பா."

அவனுக்குத் தெரியாது.

அவள் காற்றடித்தது போக மூன்று. அதில் ஒன்று. பின்னால் என்றால் சமாளித்துப் பாலத்தைத் தாண்டிவிடுவாள். முன்னால் என்றால் ஸ்டியரிங்...

பின் வலதாக இருக்கட்டும். கடவுளே, பின் வலதாக இருக்கட்டும்.

"அப்பா? எந்த டயருனு..."

"மெதுவாப் போகச் சொல்லு சாமி. பிரேக்க அழுத்த வேண்டாம்னு சொல்லு."

சொன்னாள். பிறகு எதுவோ திரும்பத் திரும்ப அடித்துக்கொள்கிற ஓசை மட்டும் வந்தது. காற்றா, வேறு ஏதாவதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

இந்துமதி ஏதோ சொன்னாள். அது அவனுக்கு இல்லை. அவள் குரல் அவ்வளவு சின்னதாக அவன் கேட்டதே இல்லை.

"அப்பா," என்றாள் மிருதுளா. "ஸ்டியரிங் அம்மா பேச்சக் கேக்க மாட்டீங்குதாம். லெப்ட்டுப் பக்கமாவே இழுக்குதாம்."

எந்த டயர் என்று அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது.