இருநூற்று ஐம்பத்தேழாவது முகவரி

அந்தப் பழைய யூனிக்ஸ் சர்வர் இருநூற்று ஐம்பத்தாறு முகவரிகளைத்தான் தாங்கும். இணையதளம் ஒன்றுக்கு முகவரி ஒன்று. சாயங்காலத்துக்குள் திறந்தாக வேண்டிய ரத்த வங்கியின் தளத்துக்கு, அதைப் பராமரிக்கும் சர்வர்க்காரி ஒரு முகவரி கேட்டதும் அது கையை விரித்துவிட்டது.

“யாரையாவது எறக்கிவிட்டாத்தாம்மா உண்டு,” என்றார் அலுவலகத்தின் நெட்வொர்க் வயர்களைப் பார்த்துக்கொள்ளும் கேபிள்காரர்.

மற்றவையெல்லாம் வாடிக்கையாளர்களுடையவை. இறக்கக்கூடியது ஒன்றுதான்: இந்த சர்வரை நிறுவிய மாமாவின் சொந்தப் பக்கம். அலுவலகமே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். பேருந்தோ மீட்டிங்கோ, யார் வந்து நின்றாலும் சட்டென்று எழுந்து இடம் கொடுத்துவிடுகிற மனுஷன். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பக்கத்தை அழிக்க சர்வர்க்காரிக்குக் கை வரவில்லை.

“நீங்களே ஒரு வழி பண்ணுங்க மாமா,” என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது ரத்த வங்கி திறந்திருந்தது. மாமாவின் பக்கமும் இருந்தது. தன் கணினியிலிருந்து எல்லா முகவரிகளையும் அழைத்துப் பார்த்தாள். இருநூற்று ஐம்பத்தேழும் பதில் சொன்னன.

“கணக்கு இடிக்குதேண்ணே. சர்வரோட கேபிளக் கொஞ்சம் உருவுங்க.”

அவர் உருவினார். இருநூற்று ஐம்பத்தாறும் ஒரே நேரத்தில் வாயை மூடின. மாமாவுடையது மட்டும் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.

கேபிள்காரர் கையில் கேபிள் தொங்கியது. “எடத்தக் கொடுத்துட்டு நின்னுக்கிட்டிருக்காரு. என்னா மனுஷன்!”

“சீக்கிரம் செருகுங்கண்ணே,” என்றாள் அவள். பிறகு தன் நாற்காலியை சர்வரின் பக்கத்தில் நகர்த்திப் போட்டுவிட்டு, மிச்ச வேலையை நின்றுகொண்டே முடித்தாள்.