சிவப்புத் தாடிக்காரன்

அவள் கை நேராகக் கீபோர்டின் இடது பக்கத்துக்குப் போனது.

டபிள்யூ, ஏ, எஸ், டி. நான்கிலும் விரல் சரியாக உட்கார்ந்தது.

அவன் இன்னும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வாரத்தில் இருவரும் ஒன்றாக விழித்திருக்கும் நேரம் அதுதான். மற்ற நாட்களில் அவன் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவள் பஸ் ஸ்டாப்பில் நிற்பாள். கல்யாணமாகி எட்டு மாதம். பேச ஒன்றும் கிடைக்காமல்தான் அந்தப் பழைய விளையாட்டைத் தேடி லேப்டாப்பில் ஏற்றினான்.

வைக்கிங் விளையாட்டு. இரண்டு கடல் கொள்ளைக்காரர்கள். சிவப்புத் தாடிக்குக் கோடரி, மஞ்சள் தாடிக்குக் கேடயம். எதிரே வருகிறவனை எல்லாம் வெட்டிக்கொண்டே போக வேண்டும். வேறு கதை கிடையாது.

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட வருஷம் முழுக்க இதைத்தான் ஆடினான். அப்போது அந்தப் பனி நிஜப் பனியாக இருந்தது. இப்போது பார்த்தால் கல் உப்பு. ரத்தம் சின்னச் சின்னச் சிவப்புக் கட்டங்களாகத் தெறித்தது.

இந்த மட்டமான சாமானுக்காகவா அத்தனை நாளைத் தொலைத்தோம்?

"மஞ்சள் தாடி எனக்கு," என்றாள்.

"ஆடியிருக்கியா?"

"காலேஜ்ல. ஹாஸ்டலுக்கு எதிர்ல ஒரு பிரவுசிங் சென்டர் இருந்துச்சு."

"யாரோட?"

"ஃப்ரெண்டு."

திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரே கீபோர்டு. வலது பக்கத்து அம்புக்குறிகள் அவனுக்கு. முழங்கைகள் இடிக்க வேண்டும். இடிக்கவில்லை. அவள் தன்னுடையதை விலாவோடு ஒட்டி வைத்து இடம் விட்டிருந்தாள்.

அவன் தேவைக்கும் அதிகமான இடம்.

தோள் அகன்ற எவனுக்கோ விட்டுப் பழகிய இடம்.

வெட்டுப்பட்டவர்கள் விழுந்த இடத்தில் சுட்ட இறைச்சி கிடந்தது. தின்றால் தெம்பு ஏறும். அவள் ஒரு துண்டையும் தொடாமல் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

"எடு. உனக்குத்தான் தெம்பு கம்மியா இருக்கு."

"நீங்க எடுத்துக்கோங்க. சிவப்புத் தாடிக்கு எப்பவுமே பத்தாது."

அவனுக்குத் தெம்பு நிறைந்திருந்தது. இருந்தாலும் தின்றான். வேறொருவனுக்குப் போட்ட இலையில் உட்கார்ந்தது போலிருந்தது.

மூன்றாம் கட்டத்தின் முடிவில் பாலத்தை மறித்துக்கொண்டு ஓர் அரக்கன்.

அந்த அரக்கனை அவன் ஒருநாளும் தாண்டியதில்லை. ஒரு வருஷம் மோதியிருக்கிறான். பக்கத்து நாற்காலி அப்போது எப்போதும் காலி. தாண்ட முடியாத மாதிரியே செய்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிக் கைகழுவினான்.

அவள் மஞ்சள் தாடியை அரக்கனின் காலடிக்குக் கொண்டுபோய் மண்டியிட வைத்தாள். கேடயத்தைத் தலைக்கு மேல் உயர்த்தினாள்.

எதற்கென்று விளங்காமல் அவன் அவளைப் பார்த்தான்.

"கேடயத்து மேல ஏறிக் குதிடா!"

குதித்தான். கோடரி இறங்கியது. அரக்கன் இரண்டாகப் பிளந்து காணாமல் போனான்.

இவ்வளவுதான். கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஒரு வருஷமும் அவனுக்கு இல்லாதது அது ஒன்றுதான்.

எட்டு மாதத்தில் அவள் அவனை 'டா' போட்டதில்லை. வாங்க, சாப்பிடுங்க, தூங்குங்க. வாயிலிருந்து வந்தது என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலும் இல்லாத சிரிப்பு.

பாலத்துக்கு அப்பால் அவன் கண்டிராத ஊர். உறைந்த கடல். எரியும் படகுகள்.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஓநாய் வருமுன்பே திரும்பி நின்றாள். கதவு எந்தப் பாறைக்குள் இருக்கிறதென்று தேடவில்லை. பனி வெடித்திருந்த இடத்தை ஒரே தாவில் தாண்டி, அந்தப் பக்கம் நின்று, சிவப்புத் தாடிக்காகக் காத்தாள்.

அது விழப்போகிறது என்ற நிச்சயத்தோடு காத்தாள். சிரிப்பு உதட்டில் தயாராக இருந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது.

அந்த ஃப்ரெண்டு இந்த இடத்தில் விழுவான். அவசரக்காரன். கிடைத்த இறைச்சியை எல்லாம் தின்பான். ஓடிவருகிற வேகத்தில் தாமதமாகக் குதிப்பான்.

பெயரைக் கேட்கலாம். கேட்டால் போனில் தேடுவான். தேடினால் படத்தில் அந்தத் தோளைப் பார்ப்பான்.

கேட்கவில்லை.

அந்தத் தாவல் அவன் கைக்கு ஒன்றுமே இல்லை. தாமதமாகக் குதித்தான்.

சிவப்புத் தாடி கடலில் விழுந்தது.

அவன் தொடையில் பட்டென்று அடித்தாள். "லூசு! எத்தன தடவ சொல்றது, விளிம்புக்கு வந்ததும் அமுக்குடான்னு!"

அவனிடம் அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அடி விழுந்த இடம் சூடாக இருந்தது. கை அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்தது.

மறுபடி விழுந்தான். மறுபடி சிரித்தாள். தோளில் இடித்தாள்.

இன்னும் கொஞ்சம் அவசரப்பட்டான். இன்னும் கொஞ்சம் முட்டாளானான். அது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

மூன்றாவது முறை விழுந்தபோது அவள் சிரிக்கவில்லை. அவள் திரையைப் பார்க்கவில்லை. அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணும்னே விழுறீங்க."

அவன் அடுத்த உயிருக்குப் பொத்தானை அமுக்கினான்.

"அவன் தெரியாமத்தான் விழுவான்," என்றாள்.

கடைசி உயிர். சிவப்புத் தாடி விளிம்பில் வந்து நின்றது.

இந்த முறை அவள் 'அமுக்குடா' என்று கத்தவில்லை. அவன் எப்படிக் குதிக்கப்போகிறான் என்று பார்த்தாள்.